பிணியும் பணியும்

உடம்பு உயிர்க்கு ஒரு கருவி. இறைவன் அதனை மாயையினின்றும் ஆக்கி உயிர்க்கு அளித்தது, உயிர் தன் வினையை நுகர்ந்து கழித்து, மலப்பிணிப்பின் நீங்கித் திருவடியைச் சார்தற்பொருட்டு என்பது சித்தாந்தம். பழவினை தீக்கையால் ஒழியினும், நுகர்வினை உடம்பு உள்ளளவும் நின்றே கழியும். ஆதலின் மெய்யன்பர்க்கும் பிணி வருதல் வியப்பன்று. வந்த பிணி நீங்காது உடன் உறையுமாயின், அன்பர் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

பிணியைப்பற்றிப் பேசும்போதெல்லாம் திருநாவுக்கரசு சுவாமிகளின் சூலையை எடுத்துக்காட்டுதல் நம் வழக்கம். திருவதிகையில் அவர் பதிகம் பாடியருளியதும் அச்சூலை நீங்கிற்று. அதனைக் கேட்கும் நோயாளர் சிலர், "எமக்கு நீங்கவில்லையே, எம் அன்பிற் குறையோ?" என்று உள்ளம் நைகின்றனர். யானும் ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதம் உடையேன். காலையில் விரல்கள் மடங்கா. பூக்கொய்தலும் மாலை தொடுத்தலும் இயலா. மடத்தில் இளமையிற் பயின்ற சரியைத் தொண்டுகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டு நீங்கியபோது, அவ்வினா என் நெஞ்சிலும் எழுந்தது.

அதற்கு விடையைத் தண்டியடிகள் நாயனார் வரலாற்றிற் கண்டேன். பிறவியிலேயே கட்பார்வை இல்லாத அப்பெருந்தகையார், திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டக் கருதினார். கண் பெற்றபின் தொண்டு செய்வோம் என்று அவர் காத்திருந்தாரல்லர். குளத்தின் நடுவில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை எடுத்துப் புறத்தே கொட்டினார். தொண்டு முன்னர்த் தொடங்கிற்று. கண் பின்னரே வந்தது. நாவரசர்க்கும் சூலை நீங்கியதோடு கதை முடிந்திலது. அதன்பின் கையில் ஏந்திய உழவாரமே அவர்தம் வாழ்வாயிற்று. நோய் தீர்தல் இறைவன் திருவுள்ளத்தைப் பொறுத்தது. கயிறு கட்டுதல் நம்மைப் பொறுத்தது.

இதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டு உழவர் குடியிற் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், மகப்பேற்று மருத்துவராக விழைந்தவர். படையில் மருத்துவராயிருந்த அவரை முடக்குவாதம் பற்றிற்று. 1948-இல் அப்பணியினின்றும் விடுவிக்கப்பெற்று, நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். விரல்கள் கோணின, எழுதுகோல் பிடித்தலும் அரிதாயிற்று. கருதிய துறை கைகூடாமை கண்டு, கண் மருத்துவம் கற்றார். கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு பழகி, தம் வாழ்நாளில் 1,00,000-க்கும் மேற்பட்ட அறுவை மருத்துவம் செய்தார். அரசுப்பணியினின்றும் ஓய்வுபெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுடையார் தரும் கட்டணத்தைக்கொண்டு, பொருளில்லார்க்குக் கட்டணமின்றி மருத்துவம் புரிதல் அதன் நெறி. 2006-இல் மறையுமளவும் அந்நோயின் வடு அவர் விரல்களை விட்டு நீங்கிற்றில்லை. அவர் ஸ்ரீ அரவிந்தரை ஆசானாகக் கொண்டவர். நம் சமயத்தவர் என்று உரிமை கொண்டாடுதல் என் கருத்தன்று. எனினும் அவர் கைக்கருவி, தண்டியடிகள் பற்றிய கயிறாகவே எனக்குத் தோன்றுகின்றது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் இச்செய்தி புறம்பானதன்று. தேனியை அடுத்த வீரபாண்டியில், முல்லையாற்றங்கரையில், கண்ணீசுவரமுடையார் எழுந்தருளியுள்ளார். பார்வை இழந்த பாண்டிய வேந்தன் அங்கு வழிபட்டுக் கண் பெற்றான் என்பது தலமரபு. அத்தலத்திற்கு அணித்தாகிய தேனியில், 1985-இல் அம்மருத்துவமனையின் கிளை தோன்றிற்று. என் கண்புரையும் அங்கேதான் நீக்கப்பெற்றது. மங்கியிருந்த ஏட்டெழுத்து மீண்டும் விளங்கக் கண்டபோது, நோயுற்ற ஒருவர் மாற்றிக்கொண்ட வழி எத்துணைப் பேர்க்கு ஒளியாயிற்று என்று எண்ணி உருகினேன்.

விரல் உதவாதாயினும் எனக்கு நா உளது. கற்றதன் நினைவும் உளது. இப்போது மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து, தோட்டவேலை முடிந்து திரும்புவார்க்கும் அவர்தம் சிறார்க்கும் திருமுறைப் பொருள் கூறி வருகின்றேன். பள்ளியில் யான் கற்பித்த காலத்துத் தேர்வுக்கென்று கேட்டார் பலர். இங்குத் தம் வாழ்வுக்கென்று கேட்கின்றார் சிலர். அக்கேள்வியை நோக்க, இப்பணி முன்னையதினும் எனக்கு நிறைவு தருகின்றது. திராட்சைத் தோட்டத்தில் உழைத்து முழங்கால் தேய்ந்த மூதாட்டியார் ஒருவர், "சந்நிதியில் விழுந்து கும்பிட முட்டி மடங்கவில்லையே, ஐயா" என்று ஒருநாள் கண்ணீர் விட்டார். அவர்க்குத் தண்டியடிகள் வரலாற்றைக் கூறினேன். மறுநாள்முதல் அவர் அமர்ந்தபடியே திருவிளக்குக்குத் திரி திரித்துத் தருகின்றார்.

ஆதலின் நோயுடைய அன்பர்கள் தம்மைத் தொண்டிற்குப் புறம்பானவராகக் கருதற்க. பிணி, கழிந்தொழியும் வினையின் பயன். அப்பிணியிடையும் பணிசெய்ய எழும் விருப்பம் திருவருளின் பயன். எஞ்சிய உறுப்பு யாது, அதற்கு இயைந்த தொண்டு யாது என்று நாடுவார்க்கு, அவ்வருளே வழிகாட்டும் என்க.

திருச்சிற்றம்பலம்.