கரை எங்கே?

ஓய்வு பெற்ற நில அளவையாளனிடம் உலகம் அதிகமாக எதிர்பார்ப்பதில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும், அத்திபெலேயில் குடியிருந்துகொண்டு ஆனேக்கல் தாலுகாவின் ஏரிகளையும் காலுவேக்கள் என்னும் நீர்க்கால்களையும் வாழ்நாளெல்லாம் அளந்த என்னிடம், "கோடு போடுவதெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, சார்" என்று ஒரு திட்ட ஆலோசகர் இரக்கத்தோடு சொன்னபோது, கோடு எவ்விடத்திலிருந்து புறப்பட வேண்டும் என்பதை அந்தக் கம்ப்யூட்டருக்கு எவர் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்காமலிருக்க என்னால் முடியவில்லை.

நீர்நிலைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியின் கோட்டைப் பற்றிப் பேச இரண்டு சட்டங்கள் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தேசம் முழுமைக்கும் பொதுவானது. பெங்களூரின் பெருந்திட்டமோ கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டத்தின் வயிற்றில் பிறந்தது. மேலது ஆணையிடக் கீழது பணியும் என்று வெளியார் எண்ணுவது இயல்பே. அகரம், பெல்லந்தூர் ஏரிகளையொட்டி எழுந்த கட்டடங்களைப் பற்றிய வழக்கில், 2016 மே 4 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டரும், ராஜகாலுவேக்களுக்கு அவற்றின் தரத்துக்கேற்ப 50, 35, 25 மீட்டரும் விட்டுவைக்க வேண்டுமென்று பெங்களூர் முழுமைக்கும் விதித்தது. 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம், சட்டபூர்வமாக நிறைவேறிய திட்டத்தின் விதிகளைத் திருத்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லையென்று அந்தப் பொது ஆணையை ரத்து செய்யவே, 2015 பெருந்திட்டத்தின் 30 மீட்டரே ஏரிக்கு மீண்டும் பிரமாணமாயிற்று.

75ஆ, 30ஆ என்று பத்திரிகைகள் தர்க்கம் செய்தன. எங்கள் தொழிலின் கண்ணுக்கு உறுத்தியது வேறு. முதல்தரக் காலுவேக்கு இரு தரப்பும் 50 என்றே சொன்னாலும், திட்டம் நடுக்கோட்டிலிருந்தும் தீர்ப்பாயம் விளிம்பிலிருந்தும் அளக்கச் சொல்லின. 20 மீட்டர் அகலமுள்ள காலுவேயில் பக்கத்துக்குப் 10 மீட்டர் கைமாறுகிறது. அதில் ஒரு வரிசை வீடு தாராளமாக எழும்பும். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஏரியின் சங்கதி இதனினும் கடினம். எனக்குச் சங்கிலி பிடிக்கக் கற்பித்த பெரியவர், டிப்பணி என்னும் அளவைக் குறிப்பும் ஆகார்பந்து என்னும் பரப்புப் பதிவேடும் ஒரு குண்டா வித்தியாசப்பட்டாலும் முளையடிக்க விடமாட்டார். மூன்று கிராமங்கள் கூடுமிடத்துக் கல்லைப் புதர் வெட்டித் தேடி, அங்கிருந்து சங்கிலியை ஓட்டி ஏரியின் சர்வே எண்ணை அடைந்து, பிறகு உபரிநீர் வழியும் கோடிக்கும் மதகுக்கும் நடந்து, கல்லின்மேல் பழைய நீர்மட்டம் விட்டுப்போன கறையை விரலால் தடவிப் பார்ப்பார். நக்ஷா என்னும் கிராம வரைபடத்தின் எல்லையும் நீரின் எல்லையும் பிணங்கினால், எதை எழுதுவதென்று நாங்கள் விழிப்போம். "ரெண்டையும் எழுதுப்பா. எது செல்லும்னு சொல்ற அதிகாரம் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை" என்பார். அவர் கையெழுத்திட்ட குறிப்புகளை வழக்குமன்றத்தில் எவரும் அசைத்ததை நான் கண்டதில்லை.

இன்றைய பிள்ளைகள் ஏப்ரல் மாதத்துச் செயற்கைக்கோள் படத்தில் சுருங்கிக் கிடக்கும் தண்ணீரின் ஓரத்தைக் கரையென்று வரைகிறார்கள். அதிலிருந்து 30 மீட்டர் அளந்தால் கோடு ஏரிக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. துணி ஒட்டிய பழைய கிராம நக்ஷா ஒன்றின் மடிப்பில் பி-கராபாக, அதாவது பொது உபயோகப் புறம்போக்காகக் குறித்திருந்த மெல்லிய காலுவே தேய்ந்துபோயிருந்தது. அதன் ஸ்கேன் பிரதியில் வெள்ளைக் கீற்று மட்டுமே தெரிய, அங்கே காலுவே இல்லையென்று ஒரு வரைபடத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். டிப்பணியைப் புரட்டக்கூட ஒருவருக்கும் பொறுமையில்லை.

கோட்டின் சங்கதி ஏரியோடு நிற்கவில்லை. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழலுணர்வு மண்டலம், 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்து, 2020 மார்ச்சில் 168.84ஆகச் சுருங்கி அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்குள் மண்டலப் பெருந்திட்டம் தயாரிக்கும் கடமையை மத்திய அறிவிக்கையே மாநிலத்தின் தலையில் வைத்தது. இங்கே தேசியச் சட்டமே பிரதேசத் திட்டத்தைக் கேட்டு நிற்கிறது. குறைந்துபோன நூறு சதுர கிலோமீட்டருக்காக வருந்தி எழுதியவர் பலர்; எஞ்சியதன் எல்லை எந்தச் சர்வே எண்ணின் எந்த வரப்பில் போகிறது என்று கேட்டு என் வீட்டுப் படியேறியவர் இதுவரை ஒருவருமில்லை.