புயலில் ஒரு படகு

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. கடலில் புயல். படகில் தண்ணீர் ஏறுகிறது. சீடர்கள் அலறுகிறார்கள். இயேசுவோ தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பியதும் காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது.

"அதனால் நீயும் பயப்படக் கூடாது" என்று கதையை முடித்தால் குழந்தையின் மனதில் அமைதி வந்துவிடுமா?

திருச்சிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எடமலைப்பட்டி புதூரில் பஸ் ஏறி, மெயின்கார்டு கேட்டில் இறங்கி நடந்தால், தெப்பக்குளம் அருகே கிறிஸ்து ஆலயம். 1766-ல் கட்டியவர் ஜெர்மனியில் இருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயர். 1760-களில் இந்த ஊரில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் பல பிள்ளைகள் அநாதையானார்கள். அவர் பிரசங்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவர்களுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1778-ல் தஞ்சாவூர் போகும்வரை இங்கேயே தங்கி ஊழியம் செய்தார்.

படகுக் கதையும் இதைத்தான் சொல்கிறது. புயலே வராது என்று இயேசு சொல்லவில்லை. அதே படகில் கூடவே இருந்தார்.

இரவில் இடி இடித்தால் பிள்ளைக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுங்கள். நல்லதுதான். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அது தூங்கும்வரை பக்கத்தில் இருங்கள். அந்த வசனத்தின் அர்த்தம் அப்போதுதான் அதற்குப் புரியும்.