மாமாவின் பூட்டும் 12 மாசமும்

திண்டுக்கல்லில் மாமா பூட்டுப் பட்டறை வச்சிருக்கார். புதுசா ஒரு லீவர் பூட்டு செஞ்சார். "பேட்டன்ட் வாங்கலாம் மாமா"ன்னு ப்ரொவிஷனல் அப்ளிகேஷன் போட்டது நான்தான். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தாக்கல் செய்யணும். நம்ம ப்ராஜெக்ட் டெட்லைன் மாதிரி தள்ளிக்கலாம்னு இருந்துட்டேன்.

2024 திருத்தத்துக்கு அப்புறம், விதிகளில் இருக்கும் பல கெடுக்களை படிவம் 4 போட்டு, பணம் கட்டி, ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம்தான். ஆனா இந்த 12 மாதம் சட்டத்தின் 9-ம் பிரிவிலேயே இருக்கு மக்களே! தவறினா விண்ணப்பம் கைவிடப்பட்டதா ஆயிடும். எனக்கு ஞாபகம் வந்தது 13-ம் மாதம்.

மறுபடி போடலாம்னா, விண்ணப்பம் இருக்குங்கிற தைரியத்துல மாமா பூட்டை விற்க ஆரம்பிச்சுட்டார். இனி சட்டப்படி அது 'புதுசு' இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். "விடு மாப்ள, பூட்டு நல்லாத்தானே பூட்டுது"ன்னார்.

திட்டியிருக்கலாம்.