புகைபோக்கியில் ஒரு கணக்கு, சேரியில் ஒரு கணக்கு

நாஞ்சில் நாட்டுக்காரர்களான எங்களுக்கு மின்சாரம் என்றால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் காற்று நிற்கும் மாதங்களில் எங்கள் வீட்டு விளக்கும் நிலக்கரியில்தான் எரிகிறது. அந்த நிலக்கரியின் சாம்பலோடு வாழ்கிறவர்கள் யார்?

களப்பணிக்காக நான் போய்வந்த ஒரு சேரி, சாம்பல் குளத்தை ஒட்டி இருக்கிறது. காலையில் துடைத்த குடத்து மூடியில் மாலையில் சாம்பல் படிந்திருக்கும். குழந்தைகளின் இருமலைப் பற்றிக் கேட்டால் அனல்மின் நிலைய அலுவலர், "தூசி வரம்புக்குள்தான் இருக்கிறது" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. எதை அளக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

புகைபோக்கிக்குள் குழாயை நுழைத்து, புகை போகும் அதே வேகத்தில் உறிஞ்சி, வடிகட்டியில் தங்கும் தூசியை எடை போடுகிறார்கள். பெருந்தூசி, நுண்தூசி எல்லாம் ஒரே தராசில். 2015 டிசம்பரில் வந்த மத்திய அரசின் வரம்பும் அப்படித்தான். 2003 வரை நிறுவிய அலகுகளுக்கு ஒரு கனமீட்டர் புகையில் 100 மில்லிகிராம், 2016 வரை நிறுவியவற்றுக்கு 50, அதன் பிறகு 30. எங்களுக்குப் பக்கத்திலுள்ள தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் 1979க்கும் 1992க்கும் இடையே வந்தவை. அவற்றுக்கு 100.

குடத்து மூடியில் படிவதைத் துடைத்துவிடலாம். நுரையீரலின் ஆழத்துக்கு இறங்குவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள். எடையில் சொற்பம், எண்ணிக்கையில் ஏராளம். அதைத் தனியே பிரித்து அளக்க அந்த வரம்பு கேட்கவில்லை. கந்தக டை ஆக்சைடோ வாயுவாகவே வடிகட்டியைத் தாண்டிப்போய், வெளிக்காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. புகைபோக்கிக் கணக்கில் அது தூசியே இல்லை.

அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் கட்டாயம். காற்று கெட்டதாக அறிவித்த பகுதிகளுக்கு அருகில் இருந்தால் தனித்தனியாக முடிவு. மற்ற இடங்களுக்குத் தேவையில்லை. தலையை எண்ணித்தான் இந்த விதி. ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரியின் தலைகள் எந்த எண்ணிக்கையில் தேறும்?

வெளிக்காற்றில் நுண்துகளின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. அளக்கும் கருவியே இல்லாத சேரியில் இரண்டுக்கும் பொருளில்லை. அங்குள்ள பள்ளிக்கூடத்து மாடியில் கருவியை வையுங்கள். அன்றன்றைய அளவைத் தமிழில் பலகையில் எழுதுங்கள். மூச்சுவிடுகிறவர்கள் படித்துப் பார்க்கட்டும்.