பனி தேடிய விடுமுறை

"இந்த விடுமுறைக்குப் பனி பார்க்கப் போகிறோம், ஆச்சி" என்று பேரன் கூறியபோது, ஆச்சி சன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுதான் வாசலிலேயே நிற்கிறதே. இதைப் பார்க்க டிக்கெட் எதற்கு?"

2024 ஜனவரி அது. தில்லி ராமகிருஷ்ணபுரத்தின் அரசுக் குடியிருப்புகள் காலை பத்து மணி வரை மூட்டத்தில் மூழ்கிக் கிடந்தன. எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. ஆச்சி கூறியதில் பிழை ஒன்றும் இல்லை. புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான். தெருவை மறைக்கும் மூட்டமும் பனிதான். மலைமேல் வெண்மையாகப் பொழிவதும் பனிதான். ஸ்ரீவைகுண்டத்தில் எழுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு முதலிரண்டும் மார்கழிதோறும் பழகியவை. மூன்றாவதை அவர் கண்டதில்லை. பேரனுக்கோ அந்த மூன்றாவது மட்டுமே வேண்டியிருந்தது. அதையும் பார்த்தால் மட்டும் போதாது. காலில் நீண்ட மட்டைகளைக் கட்டிக்கொண்டு அதன்மேல் சறுக்கவும் வேண்டும்.

அவ்வாண்டு குடியரசு நாள் வெள்ளிக்கிழமையன்று வந்தது. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. எங்குச் செல்வது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று தந்தை கூறிவிட்டார். தாய் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "எந்த இடமாக இருந்தாலும் அத்தையும் உடன் வரவேண்டும்."

அந்த நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை அங்குள்ளவர்கள் மறக்கக்கூடியது அன்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைமீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் கீழிருந்த சரளையும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டதால், ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுவிட்டது. ஆச்சியின் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றது. வடிந்த பிறகு மகன் சென்று அவரைத் தில்லிக்கு அழைத்து வந்தார். வந்த நாள் முதல் ஆச்சி வீட்டை விட்டு இறங்கவில்லை. தொலைபேசியில் பக்கத்து வீட்டாரிடம், சுவர் காய்ந்ததா என்று மட்டும் நாள்தோறும் கேட்பார்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்காள், ஒரு தாளில் கட்டம் வரைந்தாள். இடம், தூரம், உயரம், செல்லும் வழி, ஆச்சியால் இயலுமா எனப் பல பத்திகள். தம்பி ஒரே பத்தி போதும் என்றான்: பனி உண்டா, இல்லையா?

முதலில் எழுதப்பட்ட பெயர் குல்மார்க். காஷ்மீரில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி அது. இந்தியாவில் பனிச்சறுக்கு என்றாலே பலர் நினைவுக்கு வருவதும் அதுதான். அங்குள்ள ரோப் கார் இரண்டு கட்டங்களாக, ஏறக்குறைய 3,900 மீட்டருக்கும் மேலே அபர்வத் மலைச்சரிவு வரை ஏறுகிறது. தந்தைக்கும் உள்ளூர அந்த ஊர்மேலேயே விருப்பம். அலுவலகத்தில் அவருக்கு அடுத்த மேசையில் இருப்பவர் அங்கு எடுத்த ஒளிப்படங்களைச் சென்ற ஆண்டு முழுவதும் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்து பேருக்கு ஸ்ரீநகர் விமானக் கட்டணத்தைத் தந்தை கூட்டிப் பார்த்தார். பின்னர் மீண்டும் ஒருமுறை கூட்டினார்.

ஆயினும் குல்மார்க்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது கட்டணம் அன்று. அந்த ஜனவரியில் செய்தித்தாள்களில் வந்த குல்மார்க் படங்களில் பனியே இல்லை. வழக்கமாக வெண்போர்வை விரிந்திருக்கும் சரிவுகள் காய்ந்த புல்லோடு பழுப்பாகக் கிடந்தன. தம்பி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வேனிற்காலப் படமாக இருக்கும்" என்றான். தேதியைப் பார்த்த அக்காள் ஒன்றும் பேசவில்லை.

ஏன் பொழியவில்லை என்பதைத் தந்தை விளக்கினார். தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அப்படி இமயமலைக்குக் குளிர்காலத்தில் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றுச்சுழற்சி. மத்தியதரைக் கடல் பக்கத்தில் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தான் நாடுகளைக் கடந்து வந்து, மலைமேல் பனியாகவும் சமவெளியில் தூறலாகவும் இறங்கும். அந்தக் குளிர்காலத்தில் அவை வலுவாக வரவில்லை. டிசம்பர் பொய்த்தது, ஜனவரியும் பொய்த்துக்கொண்டிருந்தது.

"எங்கள் பக்கம் ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டிவிட்டு, இங்கே ஒரு துளிகூட இல்லையா?" என்று ஆச்சி கேட்டார். இடம் தேடும் பேச்சில் அவர் தாமாகக் கலந்துகொண்டது அதுவே முதல் முறை.

அடுத்த பெயரைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தே உட்கார்ந்தார். உத்தரகண்டில் ஜோஷிமத் நகருக்கு மேலே உள்ள அவுலி. நல்ல சரிவுகளும், கற்றுக்கொள்வோருக்கு ஏற்ற இடமும் உள்ள ஊர். ஆச்சியின் ஆர்வத்துக்குக் காரணம் சரிவுகள் அல்ல. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்னும் திவ்வியதேசம் ஜோஷிமத்தே என்று வைணவர் பலர் கொள்வர். ஸ்ரீவைகுண்டமும் அந்த நூற்றெட்டில் ஒன்று. வாசலில் ஒரு திவ்வியதேசத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர், வடகோடியில் உள்ள மற்றொன்றைக் காண வாய்ப்புக் கிடைக்குமென்று எண்ணியிருக்கவே மாட்டார். பேரனுக்குச் சறுக்கு, ஆச்சிக்குப் பெருமாள். ஒரே பயணத்தில் இருவர் விருப்பமும் நிறைவேறும்போல் தோன்றியது.

அக்காள் மேலும் படித்தாள். ஜோஷிமத்தில் 2023 ஜனவரியில் நிலம் தாழத் தொடங்கியது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டன. அவுலிக்குச் செல்லும் ரோப் கார் அப்போது நிறுத்தப்பட்டது. ஓராண்டு கழிந்த பின்னும் ஓடவில்லை. அந்நகரம் பழைய நிலச்சரிவின் மண்மேல் அமர்ந்திருக்கிறது, அங்குப் பெரிய கட்டுமானங்கள் ஆகா என்று 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது.

"வீட்டை விட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று ஆச்சி கேட்டார். அக்காளுக்குத் தெரியவில்லை. பனிச்சறுக்குத் தலங்களைப் பற்றிய விளம்பரங்கள் அத்தகைய கேள்விகளுக்கு விடை வைத்திருப்பதில்லை.

செல்லாமல் இருப்பதே சரி என்று தாய் கருதினார். அக்காள் உடன்படவில்லை. பயணிகள் வராவிட்டால் அங்குள்ள கடைக்காரர்களும் வண்டியோட்டிகளும் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அவள் கேட்டதும் நியாயமே. அந்த விவாதம் முடியவில்லை. தூரம்தான் அதை முடித்து வைத்தது. தில்லியிலிருந்து ஜோஷிமத் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அதில் ரிஷிகேசத்துக்கு மேல் பாதித் தூரம் மலைப்பாதை. மூன்று நாள் விடுமுறையில் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்துவிடும். எழுபத்திரண்டு வயது முழங்கால்களுக்கு அது ஆகாது. "பெருமாள் அங்கேயேதான் இருப்பார்" என்று ஆச்சி கூறிவிட்டு எழுந்து சென்றார்.

மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கும் தூரத்தால் விலகியது. மேலும், மணாலியிலும் குல்மார்க்கிலும் உள்ள பயிற்சி நிறுவனங்களின் தொடக்கநிலைப் பனிச்சறுக்கு வகுப்புகளே ஏறத்தாழ இரண்டு வாரம் நடப்பவை என்பதை அக்காள் கண்டாள். அப்படியானால் ஒன்றரை நாளில் தம்பி எதைக் கற்பான்? "விழக் கற்றுக்கொள்வேன்" என்றான் தம்பி. அவன் கூறியவற்றுள் மிகச் சரியானது அதுவே.

எஞ்சியது நார்க்கண்டா. சிம்லாவுக்கு அப்பால் சுமார் 60 கிலோமீட்டர். ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரம். பெரிய பெயர் இல்லாத சிற்றூர். பனி பொழிந்தால் அதன் சரிவுகளில் சறுக்குவார்கள். கால்கா வரை இரவு ரயில், அங்கிருந்து சிம்லாவுக்கு மலை ரயில். ஆச்சி உட்கார்ந்தபடியே செல்லலாம். அக்காளின் கட்டத்தில் எல்லாப் பத்திகளும் நிறைந்தன. தம்பியின் ஒற்றைப் பத்தியில் மட்டும் 'இன்னும் இல்லை' என்று எழுதப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை பள்ளியில் கொடியேற்றம் முடிந்து, இரவு புறப்பட்டார்கள். மூடுபனியால் கால்காவுக்கு ரயில் தாமதமாகச் சேர்ந்தது. நல்லவேளையாக மலை ரயில் புறப்பட்டிருக்கவில்லை. 1903இல் தொடங்கிய அந்த 96 கிலோமீட்டர்ப் பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. ஊட்டி மலை ரயிலைப் போலவே இதுவும் உலக மரபுச் சின்னம். குகைக்கு ஒரு முறை தம்பி கூவினான். நாற்பதுக்கு மேல் அவனுக்கே அலுத்தது.

சிம்லாவை நெருங்கும்போது, எதிரே இருந்த பயணி ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். 2023 ஆகஸ்டு மழையில் அங்கே மலை சரிந்து, கீழிருந்த மண் முழுவதும் போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியதாம். அவ்வாண்டு முடிவதற்குள் சீர்செய்து மீண்டும் ரயில் விட்டார்கள். தாய் அதைத் தமிழில் சொன்னதும், ஆச்சி சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தார். "நம் ஊரிலும் இப்படித்தான் தொங்கியது" என்றார். பிறகு, "அப்படியானால் சுவரும் காய்ந்துவிடும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

நார்க்கண்டாவில் பனி இல்லை. கடுங்குளிர் இருந்தது, தெளிந்த நீலவானம் இருந்தது, தொலைவில் வெண்ணிறச் சிகரங்கள் வரிசையாகத் தெரிந்தன. சரிவு மட்டும் காய்ந்து கிடந்தது. மட்டைகளை வாடகைக்கு விடும் கடை பூட்டியிருந்தது. தம்பி அதன் கதவருகில் சிறிது நேரம் நின்றான். அவன் அழவில்லை என்று அக்காள் பின்னர் உறுதி கூறினாள். அந்த உறுதி எவ்வளவு உண்மையோ.

அவர்கள் தங்கிய வீட்டின் உரிமையாளருக்கு ஆப்பிள் தோட்டம் உண்டு. அருகிலுள்ள கோட்கட் பகுதியில்தான் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர் 1916இல் தம் நாட்டு ஆப்பிள் வகையைக் கொண்டுவந்து நட்டார். அப்பகுதியின் வாழ்வே அதன்பின் மாறியது. இலையில்லாமல் நின்ற மரங்களினூடே அழைத்துச் சென்ற தோட்டக்காரர், மண்ணைக் காலால் தட்டிக் காட்டினார். புழுதி எழுந்தது. ஆப்பிள் மரம் நன்றாகப் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிரில் உறங்க வேண்டும். சில வகைகளுக்கு ஆயிரம் மணி நேரம்கூட வேண்டும். பொழிந்த பனி மெல்ல உருகி, வேர் வரை இறங்கும் ஈரமாகிறது. அதனால்தான் பனியை வெள்ளை உரம் என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. விடுமுறைக்கு வந்தவர்கள் சறுக்க முடியவில்லையே என்று வருந்துவதை அவர் பலமுறை கேட்டிருக்க வேண்டும். அதற்கு அவர் மரியாதையாகத் தலையை மட்டும் அசைத்தார்.

ஆச்சிக்கு இந்தி தெரியாது. தோட்டக்காரருக்குத் தமிழ் தெரியாது. தாய் நடுவில் நின்று பெயர்த்துச் சொன்னார். எத்தனை மரம், கடன் உண்டா, பிள்ளைகள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார்களா என்று ஆச்சி கேட்டார். தம் ஊரில் வாழைத்தோட்டங்கள் நீரில் சாய்ந்து கிடந்ததைக் கூறினார். சாய்ந்த வாழையை எப்படிச் சொல்வதென்று தாய் திணறியபோது, ஆச்சி தம் கையையே மரமாக நிறுத்தி, மெல்லச் சாய்த்துக் காட்டினார். தோட்டக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் உள்ளே சென்று, அறுவடையில் எடுத்து வைத்திருந்த ஆப்பிள்களை ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு மாலை காரில் கால்காவுக்கு இறங்கும் வழியெல்லாம் தம்பி யாரோடும் பேசவில்லை. தந்தையும் அவனைப் பேசவைக்க முயலவில்லை.

ஜனவரி மாதம் முடியும் நாளில் வானிலை மாறியது. குல்மார்க்கில் பொழிந்த பனி, இமாசலத்திலும் இறங்கியது. பிப்ரவரி முதல் நாள் இரவு தொலைக்காட்சியில் நார்க்கண்டாவைக் காட்டினார்கள். கூரைகளும் சாலைகளும் வெண்மையாக இருந்தன. தம்பி எழுந்து பெட்டியின் அருகில் சென்று நின்றான்.

"நான்கே நாள்! நான்கு நாள் கழித்துப் போயிருந்தால்!" என்றான்.

ஆச்சி துணிப்பையிலிருந்து கடைசி ஆப்பிளை எடுத்து நறுக்கிக்கொண்டிருந்தார். திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தோட்டக்காரர் வீட்டுக் கூரை எது என்று பார்த்துச் சொல்" என்றார்.

தம்பி குனிந்து தேடத் தொடங்கினான்.