கேட்டுவிட்டு மூட்டை கட்டுங்கள்

மழைக்காலம் வந்து பரணை ஒழிக்க ஏறும்போதெல்லாம் எனக்கு 2015 டிசம்பர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நாங்கள் குடியிருப்பது பென்னலூரில். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி என்று எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரித் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அடையாற்றில் விடுவார்கள். அந்த டிசம்பர் 1-ஆம் தேதி இரவு நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை என்று ஆற்றோரத்து வீடுகளெல்லாம் மூழ்கிப்போயின. "நம்ம ஊர்ல பெய்ஞ்ச மழையும்தானே அங்க போயிருக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருப் பெண்கள் கூடிப் பேசினோம். தெரிந்தவர் ஒருவர் வேன் தருவதாகச் சொன்னார். அவ்வளவுதான், அவரவர் பரணைக் காலி செய்ய ஓடினோம். நானும்தான். கரை கிழிந்த புடவை, பட்டன் போன சட்டை, சாயம் போன பாவாடை என்று ஒரு பெரிய மூட்டை. மனசுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா! எலுமிச்சம்பழச் சாதமும் கிளறி, சூடு ஆறுவதற்குள்ளேயே நூறு பொட்டலம் கட்டினோம்.

ஜாபர்கான்பேட்டை போய்ச் சேர மத்தியானம் மூன்று மணியாகிவிட்டது. சூட்டோடு கட்டிய சாதம் வியர்த்துப் பாதிக்கு மேல் வாடை வந்துவிட்டது. குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கொட்ட வேண்டியதாயிற்று. சரி, துணியாவது ஆகட்டும் என்று மூட்டையைப் பிரித்தால், தெருமுனையில் ஏற்கனவே அதே மாதிரிப் பழந்துணி மலையாய்க் குவிந்து நனைந்துகொண்டிருந்தது!

ஒரு பெண் என் புடவையை எடுத்து விரித்துப் பார்த்தாள். கிழிசலைக் கண்டதும் அழகாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "இருக்கட்டும்க்கா" என்றாள். கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் கூடப் பிறந்த தங்கை நனைந்து வந்து நின்றால் அந்தப் புடவையைக் கொடுத்திருப்பேனா?

"வேற என்னம்மா வேணும்?" என்றேன். வேனருகே நின்ற ஆம்பிளைகளைப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தாள். "வீட்ல ரெண்டு பொம்பளைப் புள்ளைங்கக்கா. பெரியவ தூரமாயிருக்கா. மாத்திக்க ஒண்ணுமில்லே."

மூன்று பெண்கள் போயிருக்கிறோம். ஒருத்திக்குக்கூட இது தோன்றவில்லையே!

அன்று ராத்திரி, எங்கள் மாடிப் போர்ஷனில் தங்கிக் கம்பெனிக்குப் போய்வந்த பெண்களிடம் இதைச் சொன்னேன். "நாங்க எழுதறோம், ஆன்ட்டி" என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு முடிந்ததைப் போட்டு நாற்பது பிளாஸ்டிக் வாளி வாங்கினோம். சாமான்களை வாளிக்குள்ளேயே வைத்துவிட்டால் மூட்டை கட்டும் வேலை மிச்சம். பிறகு தண்ணீர் பிடிக்கவும் வாளி உதவும் அல்லவா?

அடியில் பிளீச்சிங் பவுடர், சோப்பு. அவை பாலிதீனில் தனியாக. மேலே புது நைட்டி, துண்டு, உள்ளாடை. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய நாப்கின் பாக்கெட் இரண்டு. மெழுகுவத்தியோடு தீப்பெட்டியும் பாலிதீனில். அரிசியும் பருப்பும் வேண்டாம் என்றாள் ஒரு பெண். அடுப்பே மிதந்து போன வீட்டில் எதில் பொங்குவார்கள்? அதனால் அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட். புளிச்சாதம் மட்டும் கிளறி, தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே கட்டினோம். அது கெடவில்லை.

பேதி கண்டவர்களுக்காக ஒரு சீட்டும் எழுதி வைத்தோம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. போகிறவர்களுக்கும் ஒரு கண்டிஷன். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை வேனிலிருந்து வீசவில்லை. முன்பு முண்டியடித்தவர்களுக்குத்தான் கிடைத்தது. வயசானவர்களும் பெண்களும் பின்னாலேயே நின்றுவிட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போய், பெண்கள் கையில் கொடுத்தோம். அந்தப் பெண்ணின் வீட்டையும் தேடிப் பிடித்தேன். வாளியை வாங்கித் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். செய்தித்தாள் பொட்டலத்தைத் தொட்டதும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மகளிடம் கொடுத்துவிட்டு வந்து, "உக்காருங்கக்கா" என்றாள். உட்கார அந்த வீட்டில் ஒரு பலகைகூட இல்லை. இருவருமே சிரித்துவிட்டோம்.

சகோதரிகளே, கொடுக்கும் மனசு நம் எல்லோருக்கும் இருக்கிறது. மூட்டை கட்டும் முன் அங்கே இருக்கும் ஒரு பெண்ணிடம் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் புடவை இப்போது என் வீட்டுச் சமையலறையில் கைப்பிடித் துணியாக இருக்கிறது. அதற்கு அதுதான் சரி.