அரை மணி நேரமும் எல்-ஃபங்ஷனும்

ராமானுஜன் குமாஸ்தா வேலை பார்த்த ஊர்ல இருந்துக்கிட்டு எல்-ஃபங்ஷன்னா என்னன்னே தெரியாம இருக்கிறது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நாலு வருஷ இஞ்சினியரிங்ல பகா எண் பக்கம் யாரும் கூட்டிட்டுப் போகலை. ஆபீஸ் முடிஞ்சு தி.நகர் ரூமுக்கு வந்தா மிஞ்சுறது அரை மணி நேரம். அதுல எதைப் படிக்கிறது?

நேரா ராமானுஜனோட 1916 கட்டுரையில குதிக்காதீங்க மக்களே. டௌ ஃபங்ஷன் அழகுதான்: டௌ(2) = -24, டௌ(3) = 252, ரெண்டையும் பெருக்கினா டௌ(6) = -6048. ஆனா டௌ எவ்வளவு பெருசாகலாம்னு அவர் ஊகிச்சதை டெலீன் நிரூபிக்க 1974 ஆச்சு. நம்ம அரை மணி நேரம் எந்த மூலைக்கு? :)

அபோஸ்டல் எழுதின அறிமுகப் புத்தகத்தை (1976) எடுங்க. 6, 7ஆம் அத்தியாயம். 1 - 1/3 + 1/5 - 1/7 + ... இது பையில கால் பங்கு. கேரளத்து மாதவனுக்கே தெரிஞ்ச தொடர். இதுவே ஒரு எல்-ஃபங்ஷனோட மதிப்புதான்! அது பூஜ்யம் இல்லைங்கிறதை வெச்சே, நாலால வகுத்தா மீதி 1 வர்ற பகா எண்ணும் சரி, 3 வர்றதும் சரி, முடிவே இல்லாமப் போகும்னு காட்டிடலாம். டிரிஷ்லே 1837ல பிடிச்ச வழி.

"இதைப் படிச்சா அப்ரைசல்ல ஏறுமா?"ன்னான் ரூம்மேட். ஏறாதுடா.

அடுத்தது செர். சின்னப் புத்தகம், ஆனா ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும் போல. கடைசி அத்தியாயத்துல டௌ காத்துக்கிட்டிருக்கு. முடிச்சவங்க யாராச்சும் பனகல் பார்க் பக்கம் வந்தா சொல்லுங்க, காபி என் செலவு.